மந்தைவெளியில் வெட்டிய சதுரம்

எங்கள் வீட்டு இயந்திரம் முதன்முதலாக வெட்டிக் கொடுத்தது ஒரு சதுரம். அது சதுரமாக இல்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு நான் அதை அப்படியே சொன்னேன். என் கணவர் பலகைத் துண்டை என்னிடமிருந்து பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கிட்டத்தட்ட சதுரந்தான்" என்றார்.

நான் அப்போது அடையாறில் ஒரு ஆர்க்கிடெக்டிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். கிட்டத்தட்ட மூன்றடி என்று ஒரு கதவை வரைந்து கொடுத்தால் மறுநாள் காலையில் தச்சர் அலுவலகத்துக்கே வந்து நின்றுகொண்டு கத்துவார். அதனால் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கையில் ஸ்கேலை எடுக்கத் தோன்றும். என் கணவருக்கு அப்படி எந்த உபத்திரவமும் கிடையாது. அவர் தரமணியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், சம்பளத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார். தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டார். திருச்சியில் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஒருவர் இவரிடம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார். அந்த ஊருக்கே முதல்முறையாக வந்திருந்த இவர், கொஞ்சம்கூடத் தயங்காமல் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். அந்த மனிதர் பஸ்ஸைப் பிடித்தாரா என்று எனக்கு இன்றுவரை கவலை உண்டு.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. லஸ் முனையின் நடைபாதைக் கடையில் அவருக்கு ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி நகர்ந்து நகர்ந்து, சுழலும் ஒரு கூர்முனையால் பலகையை வெட்டும் இயந்திரத்தை வீட்டிலேயே செய்வது எப்படி என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். தொழிற்சாலைகளில் சி.என்.சி. என்று பெயர் சொல்லி, கண்ணாடி அறைக்குள் வைத்துக் கும்பிடுகிற சாமான். அதை மந்தைவெளியில், இரண்டாவது மாடியில், நாற்பது வாட்ஸ் பல்பு எரிகிற ஹாலில் செய்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தார்.

கூட ஒருவர் சேர்ந்துகொண்டார். இவருடைய பள்ளிக்கூட நண்பர், சிந்தாதிரிப்பேட்டையில் பிரிண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். செத்துப்போன பிரிண்டர்களின் வயிற்றிலிருந்து மோட்டார்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான். அவரும் தெரியாது என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூட உபயோகித்து நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் அத்தனை வருடம் பிரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்த்ததே கிடையாது.

இயந்திரத்துக்கு இடம் வேண்டியிருந்தது. என் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்குச் சாப்பாட்டு மேஜையில் துளை போட்டு அதை இறுக்கினார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டால் ஜீரணத்துக்கு நல்லது என்று அன்று இரவு எனக்கு ஒரு சொற்பொழிவு கிடைத்தது. அதன் பிறகு நாங்கள் தரையில் உட்கார்ந்து, மரத்தூள் விழுந்த சாம்பாரைச் சாப்பிட்டு, நன்றாக ஜீரணித்தோம்.

இயந்திரம் வேலை செய்கிற விதம் லேசானதுதான். மோட்டார் சுற்றினால் அதோடு சேர்ந்து மரை போட்ட ஒரு நீளக் கம்பி சுற்றும். கம்பியில் மாட்டியிருக்கும் நட்டு முன்னே போகும், அல்லது பின்னே வரும். நட்டோடு சேர்ந்து வெட்டும் முனையும் நகரும். கம்பி ஒரு சுற்று சுற்றினால் நட்டு எவ்வளவு தூரம் போகும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால், மிச்சத்தை அது கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டர் போகும் என்று என் கணவர் சொல்லிவைத்திருந்தார். பாரிமுனையில் கம்பி வாங்கும்போது, இது ரெண்டு மில்லி மரைதானே என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். அதேதான் சார் என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

இந்த இயந்திரத்தால் என்ன செய்யப்போகிறோம் என்று நான் ஒருமுறை கேட்டேன். எது வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதற்கு இதைவிட நாகரிகமான பதில் இருக்க முடியாது. சோப்பு வைக்க ஒரு தட்டு வெட்டினார். சோப்பு அதன் நடு ஓட்டை வழியாகக் கீழே விழுந்தது. தண்ணீர் வடிவதற்கு நல்லது என்றார். டெலிபோனுக்கு ஒரு தாங்கி வெட்டினார். டெலிபோன் அதில் லொடலொடவென்று ஆடியது. எடுக்க வைக்கச் சௌகரியம் என்றார். எதை வெட்டினாலும் அளவு தப்பியது. அதில் அவர் ஒரு நன்மையைக் கண்டுபிடிக்காமல் விட்டதாக எனக்கு நினைவே இல்லை.

இதெல்லாம் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே நடந்தவரை எனக்குப் பெரிய குறை இல்லை. ஊரில் சிலர் பிள்ளையார் சிலை சேர்க்கிறார்கள், சிலர் புறா வளர்க்கிறார்கள். ஆனால் தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் என் முதலாளி எங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கவலை. தி.நகர் பில்டர் ஒருவர் கட்டப்போகும் ஃபிளாட்டுக்கு மாதிரி ஒன்று செய்து கொடுக்க வேண்டும். கூரை இல்லாமல், மேலே இருந்து பார்த்தால் அறைகள் எல்லாம் தெரிகிற மாதிரி, ஐம்பதில் ஒரு பங்கு அளவில் ஒரு பொம்மை வீடு. வழக்கமாக அதைச் செய்பவருக்கு மஞ்சள் காமாலை. கவலையைச் சொல்லிவிட்டு அவர் பாயசத்தில் கவனம் செலுத்தினார்.

என் கணவர் இலைக்கு மேல் குனிந்து, "சார், என்கிட்ட மிஷின் இருக்கு. கால் மில்லிகூட மாறாது" என்றார்.

நான் மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். மிதித்தது என் முதலாளியின் மனைவியின் காலாகப் போயிற்று. அந்த அம்மாள் அதன் பிறகு என்னிடம் சரியாகப் பேசியதே இல்லை.

மறுநாள் காலையில் என் மேஜையில் வரைபடங்கள் இருந்தன. எல்லாம் நானே வரைந்தவை. சுவர்களையும் தரையையும் மெல்லிய ப்ளைவுட்டில் வெட்டிக் கொடுத்தால் போதும், ஜன்னலுக்கு வைக்கும் அக்ரிலிக் துண்டுகளை ஏற்கெனவே கடையில் கொடுத்து வெட்டி வைத்தாயிற்று என்றார் முதலாளி. உங்க ஹஸ்பெண்டுக்கு ரொம்பத் தேங்க்ஸ் என்றும் சொன்னார்.

முதல் தவணை வெட்டி முடித்த அன்று நான் அலுவலகத்திலிருந்து அந்த அக்ரிலிக் ஜன்னல்களை எடுத்துக்கொண்டு வந்தேன். முதல் ஜன்னலைச் சுவரில் வைத்தேன். அது உள்ளே நுழைந்து, எங்கேயும் நிற்காமல், மறுபக்கமாகத் தரையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. சுவரின் அடியில் இருந்த பல், தரையில் வெட்டிய பள்ளத்துக்குள் போய்ச் சாய்ந்துகொண்டது. வீடே ஒரு பக்கமாகச் சரிந்து, ஏற்கெனவே முப்பது வருடம் வாடகைக்கு விட்டுப் பழசான மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலோசனைக் கூட்டம் நடந்தது. என் கணவர், சிந்தாதிரிப்பேட்டை நண்பர், மூன்றாவது மாடியிலிருந்து ஒரு மாமா. மாமா அரசாங்கத்தில் பெரிய எஞ்சினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கே இரண்டு பேர் ஒரு மோட்டாரைச் சுற்றி நின்றாலும் வாசனை பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிடுவார். என் பங்கு, காபி.

மாமா இயந்திரத்தைச் சுற்றி வந்து, கம்பியைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டினார். "ஆத்துல எர்த்து சரியாப் போட்டிருக்காளான்னு பார்த்தியோ? எல்லாம் எர்த்துதான். எங்க டிபார்ட்மெண்ட்ல இதையே பார்த்துண்டு இருந்திருக்கேன்" என்றார். அவருக்கு எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததற்கும் ஒருமுறை அதுதான் காரணமாக இருந்தது.

நண்பருக்கு மிஷின் மேல் சந்தேகமே இல்லை. மோட்டார் அவர் கொடுத்தது. "மிஷின் கரீட்டா கீது மச்சி. ப்ளைவுட்டுதான் ஈரக் காத்துல உப்பிக்கினு போவுது" என்றார். ப்ளைவுட் உப்பினால் கனம்தானே கூடும், ஓட்டை எப்படிப் பெரிதாகும் என்று நான் சமையலறையிலிருந்து கேட்டேன். நான் கேட்டது அவர்களுக்கு எட்டியதாகவே தெரியவில்லை. குக்கர் விசிலுக்குக்கூட அந்த ஹாலில் கூடுதல் மரியாதை இருந்தது.

என் கணவர் தொழிற்சாலைகளில் டாலரன்ஸ் என்று ஒன்று உண்டு என்று ஆரம்பித்தார். எந்த அளவும் உலகத்தில் முழுசாகச் சரியாக இருக்காது, கொஞ்சம் கூடக்குறைய இருப்பதைத்தான் விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று அரைமணி நேரம் பேசினார். பாலிடெக்னிக்கில் பின்வரிசைப் பையன்கள் எப்படித் தூங்குவார்கள் என்று எனக்கு அன்று புரிந்தது.

காபியை வைத்துவிட்டு நான் என் அலுவலக ஸ்கேலைக் கொண்டுவந்து ஒரு சுவரை அளந்தேன். இருநூற்று நாற்பது மில்லி இருக்க வேண்டிய சுவர் இருநூற்று ஐம்பத்தொன்று இருந்தது. இது காற்றில் ஊதியதும் இல்லை, எர்த்தும் இல்லை என்றேன். மூன்று பேரும் சுவரைப் பார்க்கவில்லை. ஸ்கேலைப் பார்த்தார்கள்.

"இது பிளாஸ்டிக்கா?" என்றார் மாமா. வெயிலில் பிளாஸ்டிக் நீண்டுவிடும், பஸ்ஸில் தினமும் எடுத்துக்கொண்டு போகிற ஸ்கேலை நம்ப முடியாது என்று என் கணவரும் சேர்ந்துகொண்டார். நீண்டுபோன ஸ்கேலால் அளந்தால் சுவர் குட்டையாகத்தான் தெரியும், நெட்டையாகத் தெரியாது என்றேன். பிறகு மாமா, காபியில் சர்க்கரை போதவில்லை என்றார்.

அடுத்த வாரம் முழுவதும் என் கணவர் தன் வழியில் போராடினார். அவர் வழி எளிமையானது. ஜன்னல் ஓட்டை பெரிதாக இருக்கிறதா, கம்ப்யூட்டரில் எண்ணைக் குறை. குறைத்தார். ஜன்னல் கச்சிதமாகப் பொருந்தியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே எண்ணோடு சுவரை வெட்டினால் சுவர் குட்டையாகிவிட்டது. சுவருக்காக எண்ணைக் கூட்டினார். ஜன்னல் விழுந்தது. கதவுக்கு ஒரு எண், படுக்கையறைக்கு ஒரு எண் என்று வைத்துக்கொண்டு, கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி பேசும் அரசியல்வாதி மாதிரி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கொள்கை வைத்திருந்தார். ப்ளைவுட் கரைந்துகொண்டே போனது. அலுவலகத்தில் முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தை மட்டும் உயர்த்துவார். பேசியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வெட்டும் முனைக்கே மூன்று மில்லி அகலம் இருந்தது. கோட்டின் மேலேயே அது ஓடினால் துண்டு அந்த அகலத்தின் அளவுக்குச் சின்னதாகும், ஓட்டை அதே அளவுக்குப் பெரிதாகும். வேறு ஏதோ ஒரு தப்பு சுவரைக் கூட்டுகிறது, முனையின் அகலம் அதைக் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்து அளந்தால் பிரம்மா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வெட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் என் வரைபடப் பேனாவை மாட்டி ஒரே ஒரு கோடு போடச் சொல்லிப் பார்க்கலாம் என்றேன்.

"இது வெட்டற மிஷின். கோலம் போடற மிஷின் இல்லை" என்றார் என் கணவர்.

அந்தச் சனிக்கிழமை அவர் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். நண்பர் ஏதோ ஒரு ஒயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வந்தார். நான் அவரை உட்கார வைத்து வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். நாலாவது பஜ்ஜியில் விஷயத்தைச் சொன்னேன். மச்சி வரட்டும் சிஸ்டர் என்று நெளிந்தார். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம், பேனாதானே, மிஷினுக்கு வலிக்காது என்றேன். ஐந்தாவது பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

வெட்டும் முனையைக் கழற்றிவிட்டு, என் பேனாவை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். பலகைக்குப் பதில் ட்ரேசிங் தாளை டேப் ஒட்டி விரித்தோம். இருநூற்று நாற்பது மில்லிக்கு ஒரு நேர்க்கோடு போடச் சொன்னேன். மோட்டார் முனகிக்கொண்டு போய் நின்றது. அளந்தேன். இருநூற்று ஐம்பத்து நான்கு. கீழே இன்னொரு கோடு போடச் சொன்னேன். அதுவும் இருநூற்று ஐம்பத்து நான்கு. மூன்றாவதும் அதே.

கூடக்குறைய என்ற பேச்சுக்கே இடமில்லை. இயந்திரம் தப்பு செய்தது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே தப்பைத் துளிகூட மாறாமல் செய்தது. அந்த வீட்டில் அவ்வளவு நாணயமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

இருநூற்று ஐம்பத்து நான்கு என்ற எண்ணை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கேயோ என்ன, தினமும்தான். எங்கள் அலுவலகத்தில் கார்ப்பரேஷனுக்கு மீட்டரில் வரைவோம், வீடு கட்டுகிறவர்களுக்கு அடியிலும் அங்குலத்திலும் சொல்வோம். நாள் முழுக்க இதிலிருந்து அதற்கு மாற்றி மாற்றி, அந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் ஓடும். ஸ்கேலை மறுபக்கம் திருப்பி, அங்குலப் பக்கத்தைக் கோட்டின் மேல் வைத்தேன்.

"இன்னா சிஸ்டர்?" என்றார் நண்பர்.

"பத்து இன்ச். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"அதுக்கு இன்னா இப்ப?"

"இது மில்லி மரை இல்லைங்க. இன்ச் கணக்குல போட்ட மரை."

அவர் எழுந்து போய்க் கம்பியின் மேல் ஸ்கேலை வைத்து, ஒரு ஸேஃப்டி பின்னின் முனையால் மரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஓர் அங்குலத்துக்குள் பன்னிரண்டு மரை இருந்தது. இரண்டாவது முறை எண்ணினார். பன்னிரண்டுதான். ஒரு சுற்றுக்கு நட்டு இரண்டு மில்லி போகவில்லை, இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தது. சுற்றுக்குச் சுற்று அந்தக் கொஞ்சம் சேர்ந்து சேர்ந்து, ஜன்னலை விழ வைத்து, சுவரைச் சாய்த்து, என் முதலாளியின் புருவத்தை மேலே தூக்கியிருந்தது.

நண்பர் ஸேஃப்டி பின்னை மேஜையில் வைத்தார். "நான் அப்பவே நெனச்சேன் சிஸ்டர்" என்றார்.

என் கணவர் சாயங்காலம் வந்தார். நாங்கள் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். அவரும் ஒருமுறை மரைகளை எண்ணினார். பிறகு பால்கனிக்குப் போய், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து அவர் சொன்ன முதல் வாக்கியம், "அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பதுதான். கடைக்காரரும் தெரியாது என்று சொல்லத் தெரியாத ஜாதி, அவ்வளவுதான், அவரைத் திட்டுவதற்கு இந்த வீட்டில் யாருக்கும் உரிமையில்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. முகத்தைப் பார்த்தேன். பஜ்ஜி சூடு செய்யட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஆனால் மறுநாளிலிருந்து அவர் ஆளே மாறிப்போனார் என்பதையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லி என்றிருந்த எண்ணைத் திருத்தியதும் கோடு சரியாக இருநூற்று நாற்பதுக்கு வந்து நின்றது. அவர் முகத்தில் ஒரு பயபக்தி வந்தது. அடுத்தது என்ன என்று என்னைக் கேட்டார். கல்யாணமாகி அதுவரை அவர் என்னைக் கேட்ட கேள்விகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்தது சதுரம். பேனாவால் ஒரு சதுரம் போடச் சொன்னோம். நாலு பக்கமும் சுற்றி வந்த கோடு, தொடங்கின இடத்துக்கு வந்து சேராமல் அரை மில்லி தள்ளி நின்றது. நட்டு கம்பியில் லூசாக இருந்ததுதான் காரணம். பழைய டவுன் பஸ்ஸில் டிரைவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பிவிட்டு மறுபக்கம் ஒடிக்கும்போது, கொஞ்ச தூரம் சும்மா சுற்றிய பிறகுதான் வண்டி கேட்குமே, அந்த மாதிரி. மோட்டார் திசை மாறும்போதெல்லாம் கொஞ்சம் சுற்று வீணாகப் போனது. நண்பர் ஒரு நட்டுக்குப் பதில் இரண்டு நட்டு போட்டு, நடுவில் ஒரு ஸ்பிரிங்கைத் திணித்து, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளும்படி செய்தார். ஆட்டம் நின்றது. கோடு தன் வாலைத் தானே பிடித்தது.

பிறகு மூலைக்கு மூலை அளந்தோம். ஒரு மூலைவிட்டம் நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருந்தது. அதாவது அது சதுரமில்லை, ஒரு பக்கம் சாய்ந்த சதுரம். குறுக்கே ஓடும் கம்பி, நீளவாக்கில் ஓடும் கம்பிக்கு நேர் செங்குத்தாக இல்லை. போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் ஒரு தட்டு, ஒரு கோடு, ஒரு அளவு. மறுபடி ஒரு தட்டு. நான் அளவைச் சொல்லச் சொல்ல என் கணவர் தட்டினார். கடைசியில் இரண்டும் ஒன்றாக வந்தன. வெட்டும் முனையைத் திரும்ப மாட்டி, அதன் அகலத்தில் பாதி அளவுக்கு வெளியே தள்ளி ஓடச் சொன்னோம். ஒரு பலகைத் துண்டை வெட்டி எடுத்து நான் திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் அளந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சதுரந்தான். அதை அவர் கையில் கொடுத்தேன்.

மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். எர்த்தைச் சரிபண்ணியதும் எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தியோ என்றார்.

அதன் பிறகு வேலை பறந்தது. சுவரின் பல்லைத் தரையின் பள்ளத்தில் வைத்து அழுத்தினால், டப் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காகவே நான் சில சுவர்களைக் கழற்றி மறுபடி மாட்டினேன். ஜன்னல்கள் விழவில்லை. கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை எல்லாம் அதே அளவில் வெட்டி உள்ளே வைத்தோம். வருஷக்கணக்காகத் தாளில் வரைந்துகொண்டிருந்த எனக்கு, என் கோடுகள் எழுந்து நின்று ஒரு வீடானதை முதல் தடவையாகப் பார்த்தபோது, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க மனம் வரவில்லை. இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மாதிரி வீட்டை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் தி.நகர் பில்டர் அலுவலகத்துக்குப் போனோம். முதலாளி முன்பே வந்திருந்தார். அளந்து பார்த்துவிட்டு, புருவத்தை இறக்கினார். பில்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, பாக்கெட்டில் இரண்டு பேனா. மாதிரியை மேலிருந்து பார்த்தார், குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஹால் ரொம்பச் சின்னதாத் தெரியுதே" என்றார்.

ஹால் அவ்வளவுதான் சார், உங்கள் பிளான்படிதான் என்றார் முதலாளி. பில்டர் சுண்டுவிரலால் பொம்மைக் கட்டிலைத் தொட்டார். இந்தக் கட்டில்தான் ரூமையே அடைச்சிக்கிட்டு நிக்குது, சாமானையெல்லாம் கொஞ்சம் சின்னதாப் பண்ணிடுங்க, ரூம் தானாப் பெரிசாத் தெரியும் என்றார். கேட்டது ஏதோ சட்னியில் காரம் குறைக்கச் சொல்கிற மாதிரி இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு வேலை முக்கியம்.

என் கணவர்தான் பேசினார். "கட்டில் ஆறேகால் அடி சார். இதுக்குக் குறைச்சா ஆள் படுக்க முடியாது."

"பொம்மையில யார் சார் வந்து படுக்கப் போறா?" என்றார் பில்டர்.

"வீட்டுல படுப்பாங்க சார்."

கிட்டத்தட்ட சதுரந்தான் என்று சொன்ன அதே மனிதர். டெலிபோன் ஆடுவதில் சௌகரியம் கண்டவர், உலகத்தில் எந்த அளவும் முழுசாகச் சரியாக இருக்காது என்று அரைமணி நேரம் பேசியவர், அன்று பில்டரின் ஏ.சி. அறையில் ஐம்பதில் ஒரு பங்கு கட்டிலுக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். புது மதத்துக்கு மாறியவரின் வேகம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அளவு மாற்ற முடியாது சார் என்று நானும் சொன்னேன்.

பில்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு இது கோபப்படும் அளவுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. சுவரெல்லாம் பிரமாதம் என்று பாராட்டி, எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் அவர் ஆள் ஒருவர் அட்டையில் குட்டிக் குட்டியாகக் கட்டிலும் சோபாவும் வெட்டி ஒட்டிவிட்டார். நாலு வயதுக் குழந்தை கால் நீட்டிப் படுக்கலாம். ஹால் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது. ஃபிளாட்டுகள் விற்றுப்போயின. முதலாளி என்னோடு சில நாள் பேசவில்லை. பிறகு வேலை அதிகமானதால் பேசினார். இரண்டு வருடம் கழித்து அந்த வீடுகளுக்குக் குடிவந்தவர்கள், கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு திறக்கவில்லை என்று எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தார்கள். அவர்களிடம் பேசும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார்.

என் கணவர் அதன் பிறகு இரண்டு வருடம் எதைக் கண்டாலும் அளந்தார். இட்லியை அளந்தார். நான் வாங்கிவந்த ரவிக்கைத் துணியை அளந்து, கடைக்காரர் அரை அங்குலம் குறைத்துவிட்டதாகத் திரும்பப் போய்ச் சண்டை போட்டார். பாலிடெக்னிக்கில் கேலிப்ரேஷன் என்று ஒரு தனிப் பாடமே நடத்த ஆரம்பித்தார். எதையும் நம்பாதே, அளந்து பார் என்பதுதான் அதன் சாரம் என்று கேள்வி. பையன்களுக்கு அந்தப் பாடம் பிடித்திருந்ததாம்.

அசோக் நகரில் அவருடைய சக ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவர் இந்தக் கதையை எடுத்தார். ஜன்னல் விழுந்தது, சுவர் சாய்ந்தது, பேனாவை மாட்டிக் கோடு போட்டது, ஸ்கேலைத் திருப்பியது என்று வரிசையாக, சுவாரஸ்யமாகச் சொன்னார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"பார்த்தா பத்து இன்ச். அப்பத்தான் நாங்க கண்டுபிடிச்சோம்" என்றார்.

அந்த 'நாங்க'வில் நண்பர் நிச்சயமாக இருந்தார். மாமாவும் எர்த்தோடு எங்கேயாவது ஒரு மூலையில் இருந்திருப்பார். நான் இருந்தேனா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அந்த வீட்டு அம்மாள், பின்னால் சமையலறையைப் பார்க்க வருகிறீர்களா என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். மேடை இரண்டு அங்குலம் உயரமாகக் கட்டியிருந்தார்கள். நான் சொல்லவில்லை.